டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா? சத்தம், வெளிச்சம், புகை... மூன்றும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்!

மெக்கானிக் வருவதற்குள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய பரிசோதனைகள்... கூடவே, உயிரைக் காக்கும் ஓர் எச்சரிக்கை!

மேட்டூர் அணையில் போதுமான தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் 12-ம் தேதி டெல்டா பாசனத்துக்காக அணை திறக்கப்படும். கல்லணையைத் தாண்டி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். குறுவை நாற்றை மூன்று வாரம் ஒட்டிப் பறித்து நட்டாக வேண்டும். வயது ஏறிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூலும் அடிபடும்.

அந்த நாள் பார்த்துத்தான், கோடையில் கொட்டகையில் சும்மா நின்ற டிராக்டர் மக்கர் செய்யும். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். மெக்கானிக்குக்கு போன் போட்டால், அவர் ஏற்கெனவே வேறு யாருடைய வயலிலோ நிற்பார். வாடகை வண்டிக்கும் வரிசை. இங்கே நாற்று காத்திருக்காது.

ஆனால், ஸ்டார்ட் ஆகாத டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜின் கெட்டுப்போயிருக்காது. பேட்டரி, ஒயர், டீசல், காற்று என நான்கில் ஒன்று தடைபட்டிருக்கும். எது என்பதை வண்டியே சொல்லிவிடும். அதற்குக் காதும் கண்ணும் போதும்.

முதலில் இந்த 6 விஷயங்கள்!

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியவை இவை. அனுபவசாலிகளும் அவசரத்தில் தவறவிடுவது இங்கேதான்.

1. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? ஹை - லோ லீவர் இருந்தால் அதையும் நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்.

2. பி.டி.ஓ லீவர் ஆஃப் நிலையில் இருக்கிறதா? ரொட்டவேட்டரை மாட்டியபடியே நிறுத்திய வண்டிகளில் இது ஆனில் கிடக்க வாய்ப்பு அதிகம்.

3. கிளட்ச்சை முழுவதுமாக மிதித்திருக்கிறீர்களா? பல மாடல்களில் கிளட்ச் பெடலுக்குக் கீழே ஒரு சிறு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கும். பெடல் அடிவரை போகாவிட்டால் செல்ஃப் எடுக்காது.

4. இன்ஜினை அணைக்கும் 'ஸ்டாப்' இழுவையை மறுபடி உள்ளே தள்ளியாகிவிட்டதா? அது வெளியே இழுத்தபடி இருந்தால், எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் இன்ஜினுக்கு டீசல் போகாது.

5. டேங்கில் டீசல் இருக்கிறதா? மீட்டர் முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. டேங்குக்கு அடியிலுள்ள டீசல் குழாய் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

6. மழைக்குப் பயந்து சைலன்சர் வாயில் கவிழ்த்த டப்பாவை எடுத்தாகிவிட்டதா? புகை வெளியேற வழியில்லை என்றால் இன்ஜின் பிடிக்காது.

இந்த ஆறும் சரியாக இருந்தும் வண்டி கிளம்பவில்லையா? அப்படியென்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

சத்தம் என்ன சொல்கிறது?

சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் தள்ளி நின்று வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். மீட்டரே தேவையில்லாத பரிசோதனை இது.

சத்தமே இல்லை, லைட்டும் எரியவில்லை: பேட்டரி முழுவதுமாக இறங்கியிருக்கலாம். டெர்மினல் கழன்றிருக்கலாம். மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம். எலி ஒயரைக் கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வைக்கோலுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால், பானெட்டைத் திறந்ததும் ஒயர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'டக டக டக' என்று வேகமான சத்தம், லைட் மங்குகிறது: பேட்டரியில் சார்ஜ் குறைவு. அல்லது டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூள் மின்சாரத்தைத் தடுக்கிறது.

'டொக்' என்று ஒரே ஒரு சத்தம், பிறகு அமைதி: ஸ்டார்ட்டர் மோட்டார், அதன்மேல் இருக்கும் சொலினாய்டு, அல்லது அங்கே வரும் தடித்த கேபிளில் கோளாறு இருக்கலாம்.

லைட் மங்காமல் பிரகாசமாக எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை: பேட்டரி நன்றாக இருக்கிறது. சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், ஃபியூஸ் என ஏதோ ஓர் இடத்தில் மின்சாரம் நின்றுபோகிறது.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் சோம்பலாக: இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 16, 17 மடங்கு வரை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவர் வழியாகவும், இடுக்குகளில் கசியும் காற்றோடும் போய்விடும். அதனால்தான், பேட்டரி கொஞ்சம் பலவீனமாக இருந்தால் இன்ஜின் சுற்றும், ஆனால் பிடிக்காது.

பேட்டரிக்கு வைத்தியம்

மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஏறக்குறைய காலி. மீட்டர் இல்லையா? செல்ஃப் அடித்துப் பார்த்த பிறகு சாவியை ஆஃப் செய்துவிட்டு இரண்டு டெர்மினல்களையும் விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். எது சூடாக இருக்கிறதோ, அங்கே பிடிமானம் சரியில்லை.

டெர்மினலைச் சுத்தம் செய்வதற்கு முறை உண்டு. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இப்படிச் செய்தால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. சமையல் சோடா கரைத்த வெந்நீரை டெர்மினல்மேல் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மைனஸ் கேபிளின் மறுமுனை சேஸிஸில் சேரும் இடத்தில் துரு இருந்தால், அதையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றக் கூடாது; குழாய்த் தண்ணீரும் கூடாது. பேட்டரியில் இருந்து வெளியாகும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பிடிக்கும். அதனால் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

வேறு வண்டியின் பேட்டரியில் இருந்து கரன்ட் கொடுப்பதாக இருந்தால், அதுவும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பிளஸ்ஸுக்குப் பிளஸ். கடைசி முனையை, நின்றுபோன வண்டியின் பேட்டரி மைனஸில் மாட்டாமல், பேட்டரியைவிட்டுத் தள்ளி இன்ஜின் பாடியில் மாட்டுவதுதான் பாதுகாப்பு.

செல்ஃபை ஒரே மூச்சில் 10, 15 விநாடிகளுக்குமேல் அடிக்கக் கூடாது. இடையில் ஒரு நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் பேட்டரியோடு ஸ்டார்ட்டர் மோட்டாரும் போய்விடும்.

புகை என்ன சொல்கிறது?

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? இப்போது சைலன்சரைப் பார்க்க வேண்டும்.

புகையே வரவில்லை: சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை. ஸ்டாப் இழுவை, டீசல் குழாய், அடைத்த ஃபில்டர், குழாயில் புகுந்த காற்று... இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

வெள்ளைப் புகை வருகிறது: டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இன்ஜின் மெதுவாகச் சுற்றுவது, டீசலில் தண்ணீர் கலந்திருப்பது, கம்ப்ரஷன் குறைந்திருப்பது என்று காரணங்கள் பல. முதல் இரண்டை வீட்டிலேயே பார்க்கலாம். மூன்றாவது மெக்கானிக்கின் வேலை.

கறுப்புப் புகை வருகிறது: டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஆயில் பாத் வகை என்றால், கிண்ணத்தில் சேறு படிந்திருக்கும். அதைக் கழுவிவிட்டு, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்றினாலே போதும்.

ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரம் ஓடி, பிறகு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மண்ணோ, குளவிக் கூடோ அதை அடைத்திருக்கலாம். ஒரு குண்டூசியில் முடியும் வேலை!

டீசலில் தண்ணீர்... குழாயில் காற்று!

பாதி டேங்க் டீசலோடு நாள்கணக்கில் நிற்கும் வண்டியில், இரவுக் குளிர்ச்சியில் டேங்கின் உள்சுவரில் நீர் வியர்த்து டீசலில் இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். டீசல் ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் போதும். அடியில் தனியாகத் தண்ணீர் தெரிந்தால், சுத்தமான டீசல் வரும்வரை வடிக்க வேண்டும்.

டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். இதைத்தான் ஏர் லாக் என்கிறார்கள். பழைய மாடல்களில் இதை எடுப்பது எளிது. டேங்கில் டீசல் ஊற்றி, குழாயைத் திறந்து, ஃபில்டரின் தலையில் இருக்கும் சிறு திருகை ஒன்றிரண்டு சுற்று தளர்த்த வேண்டும். ஃபீடு பம்ப்பில் இருக்கும் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தால் நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழி நின்று சீராக டீசல் வரும்போது, பம்ப் அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்க வேண்டும். இரண்டு ஃபில்டர் இருந்தால், டேங்குக்கு அருகில் இருப்பதில் தொடங்கி அடுத்ததற்குப் போக வேண்டும்.

பம்ப்பில் இருந்து நாசிலுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களை மட்டும் தொட வேண்டாம். பழைய இன்ஜின்களிலேயே நாசில் திறக்கும் அழுத்தம், கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 100 மடங்கு. அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் விரலையே இழக்க நேரிடலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்குமேல் உள்ள புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்துவிட்டன. எலெக்ட்ரானிக் முறையில் டீசல் செலுத்தும் இன்ஜின்களில் அழுத்தம் இன்னும் பல மடங்கு அதிகம். அவற்றில் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கைப் படமெடுத்து சர்வீஸ் ஆளுக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதை மட்டும் செய்யவே கூடாது!

கீழே நின்றபடி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து வண்டியைக் கிளப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நூறு முறை எந்தப் பிரச்னையும் இல்லாமல் நடந்திருக்கலாம். ஆபத்து நூற்று ஒன்றாவது முறையில் இருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவரால் இணைக்கும்போது கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச் என எந்தப் பாதுகாப்பும் வேலை செய்யாது. கியர் விழுந்திருந்தால், இன்ஜின் பிடித்த கணமே வண்டி நகரும். அப்போது அந்த நபர் நிற்கும் இடம், முன் சக்கரத்துக்கும் பெரிய பின் சக்கரத்துக்கும் நடுவில். விலக நேரமே இருக்காது. உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளில் உயிர்கள் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. எப்போதும் சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரலை உறுதி செய்து, சாவியால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகள் வண்டி பக்கத்திலேயே நிற்கக் கூடாது.

ஏர் ஃபில்டர் பக்கம் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும் வேண்டாம், தீப்பிடிக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை 'ஒரு தடவை பார்ப்போம்' என்று செல்ஃப் அடிக்கவும் கூடாது. காற்றைப்போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து, சின்னச் செலவு பெருஞ்செலவாகிவிடும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்ததுபோல இருந்தால், சாவியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

மெக்கானிக்கிடம் போனில் என்ன சொல்வது?

'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்பதை மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பாகம் வாங்கத் திரும்பவும் டவுனுக்குப் போவார். அரை நாள் போய்விடும். செல்ஃப் அடித்தால் என்ன சத்தம், லைட் மங்குகிறதா, என்ன நிறத்தில் புகை, கடைசியாக எப்போது ஓடியது, அதன் பிறகு ஃபில்டரோ ஒயரோ மாற்றப்பட்டதா என்ற ஐந்தையும் சொன்னால், தேவையானதைக் கையோடு கொண்டுவர முடியும். சத்தத்தை மொபைலில் பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது.

வண்டி அன்றைக்குச் சரியாகாது என்று தெரிந்துவிட்டால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு 'உழவன்' செயலி வழியாக முயலலாம்.

அடுத்த முறை வண்டியை நீண்ட நாள் நிறுத்தும் முன், டேங்கை நிரப்பி, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றிவைத்துவிட வேண்டும். நடுவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கேபிளை மாட்டி அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிடலாம். முக்கியமாக, ஜூன் 12-க்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். அன்றைக்கு மக்கர் செய்தால் மெக்கானிக்கும் கிடைப்பார். நாற்றுக்கும் வயது ஏறாது!