செக்கு வாங்குமுன் ஆடிட்டரைப் பாருங்கள்

பொள்ளாச்சி, காங்கயம் பகுதித் தென்னை விவசாயிகள் சிலர், கொப்பரையை அப்படியே விற்காமல் எண்ணெயாக ஆட்டி விற்கச் சொந்தமாகச் செக்கு போடுகின்றனர். நல்ல முயற்சிதான். ஆனால் கொட்டகை, மின் இணைப்பு, இயந்திரம், வங்கிக் கடன் எல்லாம் முடிந்து, மார்ச் மாதம் நெருங்கிய பிறகே பலர் ஆடிட்டரைத் தேடிப் போகின்றனர். அதற்குள் திருத்த முடியாத சில காரியங்கள் நடந்து முடிந்திருக்கும். கடனுக்கு ஈடாகத் தோப்பின் பத்திரத்தையே வைத்திருந்தால், இது சிறிய விஷயம் அல்ல.

தோப்புக் கணக்கு வேறு, செக்குக் கணக்கு வேறு என்பதைத்தான் ஆடிட்டர் முதலில் சொல்வார். சொந்தத் தோப்புக் கொப்பரைக்கு விலை போடாமல் விடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. "நம் காய்தானே, காசா கொடுத்தோம்?" என்று கேட்பார்கள். ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். சந்தையில் கொப்பரை கிலோ ரூ.150 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ ஆட்டினால் 60 கிலோ எண்ணெயும் 36 கிலோ புண்ணாக்கும் கிடைக்கின்றன. எண்ணெய் கிலோ ரூ.260 வீதம் ரூ.15,600, புண்ணாக்கு ரூ.30 வீதம் ரூ.1,080; ஆக வரவு ரூ.16,680. கூலி, மின்சாரம், டின், கடன் தவணை ஆகியவற்றுக்கு ரூ.2,400 போக ரூ.14,280 மிச்சம். கையில் பணம் புரளுவதால் இதை லாபம் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அதே கொப்பரையை ஏலத்தில் விற்றிருந்தால் ரூ.15,000 கிடைத்திருக்கும். ஆகவே செக்கு ஓடியதால் ரூ.720 நஷ்டம்! தோப்பு சம்பாதித்ததைச் செக்கு தின்கிறது.

இதற்காகச் செக்கே வேண்டாம் என்று பொருள் அல்ல. இதே கணக்கில் எண்ணெய்க்குக் கிலோ ரூ.272 கிடைத்தால் சரிக்குச் சரி; ரூ.300 கிடைத்தால் ரூ.1,680 உண்மையான லாபம். 2025-ஆம் ஆண்டில் கொப்பரை விலை கிடுகிடுவென ஏறியதைப் போன்ற சமயங்களில் ஆட்டுவதா, அப்படியே விற்பதா என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு தேவை. அவல்பூந்துறை, பெருந்துறை போன்ற இடங்களில் நடக்கும் கொப்பரை ஏலத்தின் விலையை அவ்வப்போது நோட்டில் குறித்து வந்தால் போதும். உலர்த்தும்போது குறையும் எடையையும் எழுத வேண்டும். பாதிக்குப் பாதி ஈரம் உள்ள பருப்பு சுமார் 6 சதவிகித ஈரத்துக்குக் காயும்போது எடை வெகுவாகக் குறையும். அதை எழுதாவிட்டால் இருப்புக் கணக்கு எந்நாளும் ஒத்துவராது.

வருமான வரிக்கும் இதே குறிப்பு உதவும். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. எண்ணெய் வியாபார லாபத்துக்கு உண்டு. சொந்த விளைபொருளின் சந்தை மதிப்பைக் கழித்துத்தான் வியாபார லாபத்தைக் கணக்கிட வேண்டும். விலைக்குறிப்பு இல்லாதவர் எதைக் காட்டிக் கழிப்பார்? தோப்பு தந்தை பெயரிலும் செக்கு மகன் பெயரிலும் இருந்தால், மகன் தந்தையிடம் விலைக்கு வாங்கியதாகவே எழுதி, பணத்தை வங்கி மூலம் கொடுப்பது நல்லது. குடும்பத்துக்குள் என்ன கணக்கு என்று கூச்சப்படுபவர்கள், பின்னால் பாகப்பிரிவினை என்று வரும்போது அதிகம் வருந்துகின்றனர்.

இயந்திரம் வாங்குமுன்பே ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய காரணமும் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து இயந்திரம் வாங்கினால், அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது. சொந்த விளைச்சலை மட்டும் விற்கும் விவசாயிக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. எண்ணெய் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பாலக்காட்டுக் கடைக்கு ஒரு டின் விற்றாலும், அது வெளிமாநில விற்பனை என்பதால், இந்த வரம்பு பொருந்தாது. உடனே பதிவு வேண்டும். பதிவுக்கு முன் வாங்கிய இயந்திரத்தின் ஜி.எஸ்.டி.யைப் பின்னால் கழித்துக்கொள்ளவும் இயலாது.

அன்றாட வரவு செலவு எழுத ஆடிட்டர் தேவையில்லை. வீட்டில் பள்ளிப் படிப்பு முடித்த ஒருவர் போதும். ஆனால் வங்கிக்கான திட்ட அறிக்கையை, பிறருடைய அறிக்கையில் பெயரை மாற்றித் தருபவர்களிடம் வாங்கக் கூடாது. ஆண்டுக்கு 300 நாள் செக்கு ஓடும் என்று அதில் எழுதியிருக்கும். கடைக்காரர் ஒரு மாதம் கழித்துப் பணம் தருவார் என்பது இருக்காது. பட்டயக் கணக்காளர் தரும் சான்றிதழில், 2019 முதல், தனி அடையாள எண் ஒன்று இடம்பெறுகிறது. அவர்களுடைய நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு சான்று உண்மையானதா என்று எவரும் சரிபார்க்கலாம்.

கட்டணத்தையும், அதில் எந்தெந்த வேலை அடங்கும் என்பதையும் முதல் நாளே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அன்று பட்டா, பான் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், இயந்திரத்தின் விலைப்புள்ளி, கடந்த ஆண்டு காய் விற்ற சீட்டுகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போவது நல்லது.