பாரவண்டிக்கு ஏற்ற இணைப்பாணி

பேரணாம்பட்டைச் சுற்றிய கிராமங்களில் முற்காலத்தில் நெல், வேர்க்கடலை மூட்டைகளும், தோல் பதனிடும் சாலைகளுக்கு வேண்டிய ஆவாரம்பட்டையும் மாட்டுவண்டிகளிலேயே சென்றன. வண்டியொன்றின் பாரம் சுமார் ஒரு டன் இருக்கும். இக்காலத்தில் அவ்வேலையைப் பெரும்பாலும் டிராக்டரும் அதன் பின்னே பூட்டும் டிரெய்லரும் செய்கின்றன. பாரம் பன்மடங்கு பெருகிவிட்டது. ஆனால் அவ்வளவு பாரத்தையும் டிராக்டரோடு பிணைத்து நிறுத்துவது ஒரு சாண் நீளமுள்ள இரும்பாணி ஒன்றே. மேட்டில் அது முறியுமாயின் டிரெய்லர் பின்னோக்கி உருண்டு, பின்னால் வருவோரின் உயிருக்கு அபாயம் விளைவிக்கும்.

பாரக் கணக்கு

சரக்கின் எடையோடு டிரெய்லரின் எடையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். இரண்டும் சேர்ந்து 6 டன் என்று கொள்வோம். பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் மேட்டில், ஏற்றத்திற்காக மட்டும் ஆணியின்மேல் விழும் இழுவை 500 கிலோவாகும். மண்பாதையில் சக்கரங்கள் உருளுவதற்கான இழுவை இதற்குப் புறம்பானது. பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போதும், கிளட்சைத் திடீரென்று விடும்போதும் உண்டாகும் வெட்டிழுப்பு இதைப்போல் பன்மடங்காகும். ஆகையால் சமதரையில் தாங்குகிறதே என்று மெல்லிய ஆணியை நம்பலாகாது. பத்தலப்பல்லி மலைப்பாதை போன்ற ஏற்ற இறக்கங்களில் செல்லும் வண்டிகளுக்கு இது மிகவும் முக்கியம்.

ஆணியைத் தேர்ந்தெடுத்தல்

ஆணியின் வெட்டுத் தாங்கும் பலம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே இரும்பாயின், 25 மில்லிமீட்டர் ஆணியைவிட 30 மில்லிமீட்டர் ஆணி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலமுள்ளது. தேய்ந்து விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்த ஆணி, பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அத்தகைய ஆணியை மாற்றிவிடுவதே உத்தமம்.

டிரெய்லரின் வளையம் ஒற்றைத் தகட்டின்மேல் அமர்வதைவிட, கவைபோன்ற இரு தகடுகளுக்கு நடுவே அமர்வது மேலானது. அப்பொழுது பாரத்தை ஆணியின் இரு இடங்கள் பங்கிட்டுக்கொள்ளும். ஆணி துளையில் ஆடாமல் பொருந்துதல் அவசியம். இடைவெளி மிகுந்தால் ஒவ்வொரு வெட்டிழுப்பும் சம்மட்டி அடியாக மாறும். கட்டடக் கம்பித் துண்டை ஆணிக்குப் பதிலாகச் செருகுவது பெருந்தவறு. அதன் வரிகள் துளையில் படிந்து அமரா. தலையும் கடையாணித் துளையும் அதற்கில்லை. போல்ட்டை உபயோகிக்க நேர்ந்தால் தலையில் 8.8 என்று பொறித்த உறுதியான போல்ட்டாயிருக்க வேண்டும். அதன் மறைப் பகுதி தகடுகளுக்குள் வரலாகாது.

ஆணி மட்டும் பலமாயிருந்து பயனில்லை. வளையம், கவை, பற்றவைப்பு, சங்கிலி ஆகியவற்றுள் எது மிக மெலிந்ததோ, அதன் பலமே முழு இணைப்பின் பலமாகும்.

பூட்டும் இடமும் பாரம் ஏற்றும் முறையும்

டிரெய்லரைத் தாழ்வாயுள்ள இழுவைச் சட்டத்திலேயே பூட்டுதல் வேண்டும். பின் அச்சுக்கு மேலுள்ள பாகத்தில் பூட்டினால், இழுக்கும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் எழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழக்கூடும். இருசக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே இருத்தல் நலம். பின்னே மிகுந்தால் இணைப்பு மேல்நோக்கித் தூக்கப்படும். முன்னே மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையைப் பற்றா.

ஆணி முறிந்தாலும் வண்டி பிரியாதிருக்க, இரு சங்கிலிகளை இழுவைச் சட்டத்தின்கீழ் குறுக்காக மாட்டுதல் வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே முழு வண்டியையும் தாங்கும் பலமுள்ளதாயும், வளைவில் திரும்புவதற்குப் போதிய தளர்ச்சியுள்ளதாயும் இருத்தல் அவசியம். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிடில், இறக்கத்தில் அதன் பாரம் டிராக்டரைத் தள்ளும். ஆகவே இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்வதும், இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாய்ப் பூட்டிவைப்பதும் நன்று.

ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் ஆணி, கடையாணி, வளையம், சங்கிலி ஆகிய நான்கையும் கையால் தொட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். புதிய ஆணியின் விலை, ஏற்றிய சரக்கின் மதிப்பில் மிகச் சிறிய பங்கேயாகும். அச்செலவில் குடியானவர்கள் சிக்கனம் பாராமலிருப்பார்களாக.