பழைய லாரியும் புதிய பாட்டரியும்

அண்மையில் விளைபொருள் விற்பனைச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். சங்கத்தின் பழைய லாரிக்கு ஓராண்டிற்குள் இரண்டு பாட்டரிகள் வாங்கப்பட்டிருந்தன. பற்றுச்சீட்டுகள் ஒழுங்காகவே இருந்தன. ஆயினும், இரண்டாவது பாட்டரி பூட்டிய மூன்றாம் மாதத்தில், தக்காளிக் கூடைகள் ஏற்றிய நிலையில், விடியற்காலையில் லாரி கிளம்ப மறுத்துவிட்டது. நேரந் தவறிச் சந்தை சேர்ந்த சரக்கு பாதி விலைக்கே போயிற்று. அந்த நஷ்டம் உழைத்து விளைவித்த அங்கத்தினர்களின் தலையிலன்றோ விழுந்தது!

விளக்கு எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் ‘டக்’கென்ற ஓசையோடு நின்றுவிடுகிறது. ஆகவே பாட்டரியில் வலுவில்லை என்பது டிரைவரின் முடிவு. காரியதரிசியும் அவ்வாறே நம்பினார். இம்முடிவு எப்போதும் சரியாகாது.

பாட்டரியினின்று புறப்படும் மின்சாரம் வேலையை முடித்துப் பாட்டரிக்கே திரும்பியாக வேண்டும். போகும் வழி கம்பி. திரும்பும் வழி பெரும்பாலும் வண்டியின் இரும்புச் சட்டம். இதையே ‘எர்த்’ என்கிறோம். பழைய வண்டிகளில் இவ்வழியின் இணைப்புகளில் துருவும் பிசுக்கும் படிந்து தடை உண்டாகிறது. அத்தடை 0.01 ஓம் மட்டுமே எனக் கொள்வோம். விளக்கு இழுக்கும் 5 ஆம்பியருக்கு 0.05 வோல்ட் இழப்பு. அது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் 200 ஆம்பியருக்கோ 2 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. 12 வோல்ட் பாட்டரிக்கு இது பேரிழப்பு. வாய்க்கால் தூர்ந்திருக்கக் கிணற்றைக் குறை கூறி என்ன பயன்?

ஒரு வோல்ட் மீட்டர் இருந்தால் மூன்று சோதனைகளில் உண்மை விளங்கும்.

முதலாவது, என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் பாட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது. 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் சார்ஜ் செய்து மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்க, மற்றொருவர் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜினின் துருவற்ற இரும்புக்கும் இடையே அளக்க வேண்டும். 0.5 வோல்ட்டுக்கு மேற்பட்டால் எர்த் வழியில் குற்றம். பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் கம்பி முனைக்கும் இடையேயும் இவ்வாறே பார்க்கலாம்.

மூன்றாவது, என்ஜின் ஓடும்போது பாட்டரியில் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். குறைந்தால் ஃபேன் பெல்ட்டின் தளர்ச்சி, ஆல்டர்நேட்டர், ரெகுலேட்டர் ஆகியவற்றை ஆராய வேண்டும். 24 வோல்ட் வண்டியானால், முதல் சோதனையிலும் மூன்றாம் சோதனையிலும் கூறிய அளவுகளை இரட்டித்துக் கொள்க.

இணைப்பைச் சுத்தம் செய்கையில் எர்த் கம்பியை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டுக. பாட்டரியில் எழும் வாயு தீப்பற்றக் கூடியது. அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. முனையில் பூத்த வெண்பொடியைச் சோடா உப்பு கரைத்த நீரால் கழுவி, உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, வாசலைன் தடவினால் போதும்.

மேற்கூறிய சங்கத்தில் நிகழ்ந்தது என்ன? இரண்டாம் சோதனையிலேயே குற்றம் வெளிப்பட்டது. சட்டத்தையும் என்ஜினையும் இணைக்கும் பட்டை துருவேறியிருந்தது. அதனைத் தேய்த்துப் பூட்டியதும் அதே பாட்டரியில் லாரி கிளம்பிற்று. புதிய பாட்டரியின் வலு சில காலம் இத்தடையை மீறி வேலை செய்தமையால் குற்றம் மறைந்திருந்தது. முன்னே கழித்த பாட்டரியோ பழைய ஈயமாக விற்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக வாங்கிய முதல் பாட்டரியின் பற்றுச்சீட்டை முந்தைய ஆய்வில் நாமும் கேள்வியின்றி ஏற்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆதலின் நிர்வாகக் குழுவினருக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. புதிய பாட்டரிக்குத் தீர்மானம் நிறைவேற்றுமுன், இம்மூன்று அளவுகளும் வண்டியின் லாக் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். அங்கத்தினர் பணத்திற்கு அதுவே காவல்.