எதிரி எப்போது திரும்பிப் பார்ப்பான்?

1992-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் 'ஐடி சாஃப்ட்வேர்' என்ற கேம் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் டாம் ஹால் ஓர் ஆவணம் எழுதினார். 'டூம்' கேமுக்கான திட்டம் அது. பாத்திரங்கள் யார் யார், அவர்களின் முன்கதை என்ன, கதை நடக்கும் ராணுவத் தளம் எப்படி இருக்கும் என எல்லாவற்றையும் விரித்து எழுதி, 'டூம் பைபிள்' என்று பெயரும் வைத்தார். உடன் பணியாற்றிய ஜான் கார்மாக்குக்குக் கதையில் நாட்டமில்லை. ஆவணத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. 1993 ஆகஸ்டில் ஹால் வெளியேறினார். அதே ஆண்டு டிசம்பர் 10-இல் டூம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது.

இதைக் காட்டி, கேமுக்கு ஆவணமே தேவையில்லை என்று வாதிடுவது சரியல்ல. ஹாலின் உழைப்பில் குறையில்லை. எப்படிப்பட்ட கேம் வேண்டும் என்பதில் குழு ஒருமனப்படும் முன்பே விவரங்கள் குவிந்துவிட்டன.

கேம் டிசைன் டாக்குமென்ட் என்பது புரோகிராமரும் ஓவியரும் ஒலியமைப்பாளரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கானது. 'எதிரி புத்திசாலித்தனமாக நடந்துகொள்வான்' என்று எழுதினால் புரோகிராமர் எதைச் செய்வார்? 'வீரன் 10 அடிக்குள் வந்தால் எதிரி திரும்புவான். 3 விநாடி கண்ணில் படாவிட்டால் பழைய இடத்துக்குப் போய்விடுவான்' என்று எழுதிப் பாருங்கள். உடனே வேலையைத் தொடங்கலாம், சோதிக்கலாம், 3 விநாடி போதாதென்றால் 5 ஆக்கலாம். இந்தத் தெளிவுதான் ஆவணத்தின் உயிர்.

அதற்காகப் பக்கங்களை நிரப்ப வேண்டியதில்லை. 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்கள் மாநாட்டில், கேம் வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்ட் ஒரே பக்க வடிவமைப்பைப் பரிந்துரைத்தார். நடுவில் ஒரு படம், சுற்றிலும் குறிப்புகள். சுவரில் ஒட்டிவிட்டால் போகிற வருகிறவர் கண்ணில் படும்; தடித்த ஆவணத்தையோ யாரும் புரட்டுவதில்லை.

புதிர் கேம்களுக்கு மட்டும் இது போதாது. வடிவமைப்பாளர் டிம் ஷேஃபரின் குழு 'கிரிம் ஃபாண்டாங்கோ' கேமுக்காக 1996-இல் தயாரித்த புதிர் ஆவணம் மிக விரிவானது. விரிவு அங்கே அவசியம். ஒரு பொருள் கிடைக்கும் இடத்தைத் தவறவிட்டால், அதற்குப் பின்வரும் புதிர்கள் அத்தனையும் அடைபட்டுப்போகும்.

எழுதியதை மாற்றும் துணிவும் வேண்டும். 'டயாப்லோ' கேமின் 1994 முன்மொழிவில், வீரனும் எதிரியும் முறைவைத்து மாறி மாறி ஆடுவதாகத்தான் இருந்தது. நிகழ்நேர ஆட்டமாக மாற்றும்படி பிளிஸார்ட் நிறுவனம் கேட்டபோது, கேமை உருவாக்கிய டேவிட் பிரெவிக் முதலில் எதிர்த்தார். பிறகு சில மணி நேரத்தில் தானே மாற்றிப் பார்த்தார், அதன் சுவையில் மனம் மாறினார். ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் நிலவறைகள் ஆவணத்தில் சொன்னபடியே கேமில் இடம்பெற்றன. முறைவைத்து ஆடுவதும், கூடுதல் பொருட்களை மலிவு விலை டிஸ்குகளில் தனியே விற்கும் யோசனையும் தாளோடு நின்றுவிட்டன.