சீஸ் பண்ண டெம்போ ட்ராவலரை ஏலத்துல எடுக்கலாமா? லோன் கிடைக்குமா?

போன வாரம் யூஸ்டு கார் லோன் வீடியோ போட்டதுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், ஃபைனான்ஸ் கம்பெனி சீஸ் பண்ண டெம்போ ட்ராவலர் ஏலத்துக்கு வந்திருக்கு. மார்க்கெட்ல ஒன்பது லட்சம் போற வண்டி, ஆறு லட்சத்துக்கு வரும் போல. ஃபேமிலியோட ஊர் சுத்தலாம், மத்த நாள்ல வாடகைக்கு விடலாம். லோன் போட்டு எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனா இதுல வண்டி விலை பிரச்சனையே இல்லை. பணம் கட்ட வேண்டிய தேதியும் லோன் கிடைக்கிற தேதியும் ஒண்ணா வராது, அதுதான் பிரச்சனை. இது எனக்கு எப்படித் தெரியும்னா, என் மச்சான் இதுல மாட்டினார். கூட நின்னு ஐடியா குடுத்தது நான்தான்.

மச்சான் எடுத்தது ஆறு வருஷ வண்டி, மஞ்சள் போர்டு. ஏலத்துல 6,20,000-க்கு விழுந்துச்சு. முன்பணம் போக மீதியை ஏழு நாளைக்குள்ள கட்டணும், லேட் ஆனா யார்டு வாடகை, இன்னும் லேட் ஆனா முன்பணமே போயிடும். இது பெரும்பாலான ஏலத்துல இருக்கிற கண்டிஷன்தான். "ஏழு நாள்ல லோன் வாங்கிடலாம் மச்சான்"னு நான் சொன்னேன். பேங்க்ல போய் உட்கார்ந்தா அவங்க கேட்ட முதல் கேள்வி, "ஆர்சி யார் பேர்ல இருக்கு?"

ஆர்சி இன்னும் பழைய ஓனர் பேர்ல. வித்தது ஃபைனான்ஸ் கம்பெனி. வாங்கினது மச்சான். ஆர்சியில பேர் இல்லாத ஒருத்தர் விக்கிற வண்டிக்கு பேங்க் எப்படிங்க லோன் குடுக்கும்?

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. தவணை கட்டாததால சீஸ் பண்ண வண்டியில, பழைய ஓனர் ஆர்சியைக் குடுக்க மறுத்தாலோ, ஆள் தலைமறைவு ஆனாலோ, ஃபைனான்ஸ் கம்பெனி ஆர்டிஓ ஆபீஸ்ல ஃபார்ம் 36 போட்டு புது ஆர்சியைத் தன் பேர்ல வாங்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்துல 51-வது பிரிவு, 5-வது உட்பிரிவு இதுக்கு வழி சொல்லுது. ஆனா ஆர்டிஓ உடனே மாத்திக் குடுக்க மாட்டாங்க. பழைய ஓனருக்கு பதிவுத் தபால்ல நோட்டீஸ் போகணும், அவர் ஏதாவது சொல்லணும்னா சொல்ல வாய்ப்பு குடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் புது ஆர்சி. அதுல இருந்து 29, 30 ஃபார்ம் போட்டு உங்க பேருக்கு மாத்தணும்.

ஆக, ஏலத்துக்கு முன்னாடியே இந்த ஃபார்ம் 36 வேலை முடிஞ்ச வண்டியா, இல்ல இனிமேதான் ஆரம்பிக்கணுமா? இந்த ஒரு கேள்விக்கு எழுத்துல பதில் வாங்காம முன்பணம் கட்டாதீங்க. "பழைய ஓனர் லோன் எடுக்கும்போதே 29, 30-ல கையெழுத்து போட்டிருக்கார் சார், அதை வெச்சு முடிச்சுடலாம்"னு சில பேர் சொல்வாங்க. பழைய ஓனர் ஆர்டிஓ ஆபீஸுக்கு வந்து "நான் யாருக்கும் விக்கலை"ன்னு ஒரு மனு குடுத்தா ஃபைல் அங்கேயே நின்னுடும். அவர் கோர்ட்டுக்கும் போகலாம். தவணை கட்டாதவர்கிட்ட இருந்தும் அடியாள் வெச்சு வண்டியைப் பிடுங்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2007-லயே கண்டிச்சிருக்கு. அதனால விக்கிறதுக்கு முன்னாடி அவருக்கு அனுப்பின நோட்டீஸ் காப்பியையும் கேட்டு வாங்கிக்கோங்க.

சரி, மச்சான் என்ன பண்ணார்? ஏழு நாள் கெடு. என் தங்கச்சி நகையை அடகு வெச்சு 4,90,000 எடுத்தோம், மீதி கையில இருந்த பணம். வட்டி வருஷத்துக்கு 12%, அதாவது மாசம் 4,900. ரெண்டு மாசத்துல ஆர்சி மாறிடும், வண்டி மேல லோன் போட்டு நகையை மீட்டுடலாம்னு கணக்கு. ஆர்சி கைக்கு வர ஏழு மாசம் ஆச்சு. வட்டி மட்டும் 34,300. அது கூட பரவாயில்லைங்க. நடுவுல எங்க மாமா பொண்ணு கல்யாணம் வந்துச்சு, தங்கச்சி கவரிங் போட்டுக்கிட்டு வந்துச்சு. யாரும் எதுவும் கேக்கலை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கலை.

இப்போ நிஜமான செலவைப் பார்ப்போம். மச்சான் நோட்டுல இருந்தது: ஏல விலை 6,20,000. ஏலக் கட்டணம் ஜிஎஸ்டியோட 15,000. டயர், பேட்டரி, எஃப்சி வேலை 85,000 (வண்டி யார்டுல எட்டு மாசம் வெயில்ல நின்னிருந்துச்சு). ரோடு டாக்ஸ் பாக்கியும் இ-சலானும் 28,000. இன்சூரன்ஸ் 30,000. பேர் மாத்துற செலவு 7,000. மொத்தம் 7,85,000.

"விலையில 80% லோன் கிடைக்கும், என் கையில ஒண்ணேகால் லட்சம் இருந்தா போதும்"னு நினைச்சுப் போறவங்கதான் அதிகம். லோன் குடுக்கிறவங்க உங்க செலவைப் பார்க்க மாட்டாங்க. அவங்க ஆள் வந்து வண்டிக்கு ஒரு மதிப்பு போடுவார், அதுல ஒரு பங்குதான் லோன். மச்சான் வண்டிக்கு 7,00,000 மதிப்பு போட்டாங்க, அதுல 70%, அதாவது 4,90,000. மீதி 2,95,000 சொந்தக் காசு. ஒண்ணேகாலுக்கும் ரெண்டே முக்கால் தாண்டினதுக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க. வண்டி வயசு கூடினா இந்தப் பங்கு இன்னும் குறையும், தவணைக் காலமும் சுருங்கும்.

இன்னொரு வழி இருக்கு. வண்டியை விக்கிற ஃபைனான்ஸ் கம்பெனியே சில நேரம் உங்களுக்கு லோன் குடுக்கும். பேப்பர் எல்லாம் அவங்க கையிலதான் இருக்கு, அதனால கெடுவுக்குள்ள வேலை முடியும். நகையை அடகு வைக்கிறதை விட இது நல்ல வழின்னுதான் இப்போ நான் நினைக்கிறேன், ஆனா வட்டியைச் சொல்ற விதத்துல உஷாரா இருங்க. "9% தான் சார்"னு சொல்வாங்க. அது பிளாட் ரேட். 6 லட்சத்துக்கு நாலு வருஷம் 9% பிளாட்னா வட்டி 2,16,000, இஎம்ஐ 17,000. நீங்க மாசாமாசம் அசலைக் கட்டிக்கிட்டே வர்றீங்க, வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 6 லட்சத்துக்கும் போடுறாங்க. குறையுற அசலுக்குக் கணக்கு போட்டா இது கிட்டத்தட்ட 16%. வாயால சொல்ற ரேட்டை விட்டுடுங்க, கேஎஃப்எஸ் கேளுங்க. ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1-ல இருந்து ரீடெயில் லோன் குடுக்கிறவங்க இதைக் குடுத்தே ஆகணும். அதுல ஏபிஆர்னு ஒரு எண் இருக்கும், கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவுன்னு. ரெண்டு இடத்தை ஒப்பிடணும்னா அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்க. முன்கூட்டியே அடைச்சா என்ன சார்ஜ்னும் பாருங்க, ஏன்னா வண்டி லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் ரேட்லதான் வரும்.

இந்தக் கேம்பர் வேன் ஆசை உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டைக் கழட்டிட்டு கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க் வைக்கிற வீடியோ நிறைய வருது, பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆர்சியில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்த ஆர்டிஓ அனுமதி வேணும், 52-வது பிரிவு. அனுமதி இல்லாம மாத்தினா எஃப்சியில நிக்கும், இன்சூரன்ஸ் க்ளெய்ம்லயும் தகராறு வரும். அந்த வேலைக்கு ஆகுற செலவை லோன் மதிப்புல சேர்ப்பாங்கன்னும் எதிர்பார்க்காதீங்க. மஞ்சள் போர்டை வெள்ளை போர்டா மாத்துறது தனி வேலை. பெர்மிட்டை ஒப்படைக்கணும், டாக்ஸ் கணக்கும் மாறும்.

ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. எஃப்சி, இன்சூரன்ஸ், டாக்ஸ் எது வரைக்கும் இருக்கு, எந்தக் கம்பெனி பேர்ல ஹைப்போதிகேஷன் இருக்குன்னு தெரியும். ரெண்டு கம்பெனி பேர் வந்தா அந்த வண்டியை விட்டுடுங்க. பகல்ல உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் யார்டுல ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. ஏலத்துல "இருக்கிறது இருக்கிறபடி"ன்னுதான் விக்கிறாங்க, கையெழுத்து போட்ட அப்புறம் இன்ஜின் சத்தம் வந்தா அது உங்க சத்தம்.

மச்சான் வண்டி இப்போ ஓடுது, போன மாசம் எல்லாரும் அதுலதான் ராமேஸ்வரம் போயிட்டு வந்தோம். நகையும் வீட்டுக்கு வந்துடுச்சு. ஃபார்ம் 36-ஐ எப்படி நிரப்புறாங்க, எந்த நிலையில நீங்க என்ன கேக்கணும்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்லயே காட்டுறேன்.