பிறர் மனம் அறியும் ஆற்றல்: நிகராகுவா தரும் சான்று

நாம் அறிந்த ஒன்றை எதிரே நிற்பவர் அறியாதிருக்கலாம். நாம் கருதுவதற்கு மாறாக அவர் கருதலாம். இவ்வுணர்வு மனிதனுக்குப் பிறவியிலேயே முழுமையாக வாய்த்துவிடுவதில்லை. 1983ஆம் ஆண்டில் ஹைன்ஸ் விம்மர், யோசெப் பெர்னர் என்னும் உளவியலாளர் இருவர் இதனைச் சோதிக்க எளியதொரு கதையைக் கையாண்டனர். மாக்ஸி என்னும் சிறுவன் தன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே செல்கிறான். அவன் இல்லாத வேளையில் தாய் அதனை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகின்றனர். தாம் கண்டதை மாக்ஸியும் அறிவான் என்பது அவர்களது எண்ணம். அவன் பழைய இடத்தில்தான் தேடுவான் என்னும் விடை ஏறத்தாழ நான்கு, ஐந்து வயதிலேயே வருகிறது.

பல் முளைப்பதுபோல இத்தெளிவும் வயதோடு தானாக வந்துவிடுகிறதா, பிறரோடு பேசிப் பழகிப் பெறப்படுகிறதா என்பதே வினா. உடன்பிறந்தோருடன் வளரும் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்வதாக 1994இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சண்டையும் சமாதானமும் நிறைந்த வீட்டில் அடுத்தவர் மனத்தைக் கணிக்காமல் காலந்தள்ள முடியாதல்லவா? செவிப்புலனற்ற பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் கூர்மையானவை. சைகை மொழி பேசும் செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்தவர்கள் ஏனைய குழந்தைகளைப் போல உரிய வயதிலேயே இத்தேர்வில் வெல்கின்றனர். சைகை மொழி அறியாத பெற்றோரிடம் வளர்பவர்களோ பல ஆண்டுகள் பிந்துகின்றனர். எனவே குறை காதில் இல்லை என்பது தெளிவு.

ஆயினும், பிந்தினாலும் வயது முதிர்ந்தபின் எல்லாரும் இதனைப் பெற்றுவிடுவர் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கு விடை மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவாவிலிருந்து வந்தது. 1970களுக்கு முன் அந்நாட்டின் செவிப்புலனற்றோர் தத்தம் வீடுகளில் தனித்தே வாழ்ந்தனர். அவர்களுக்கெனப் பொது மொழி இருக்கவில்லை. 1977இல் தலைநகர் மனாகுவாவில் தொடங்கப்பட்ட சிறப்புப் பள்ளியும், 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் விரிந்த கல்வித் திட்டமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தன. ஆசிரியர்கள் உதட்டசைவைக் கொண்டு ஸ்பானிய மொழி கற்பிக்க முயன்றனர். அம்முயற்சி பெரிதாகப் பலிக்கவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தமக்குள் சைகைகளைப் பரிமாறிப் புதியதொரு மொழியையே ஆக்கிக்கொண்டனர். முதலில் வந்தோரின் மொழி எளியது. பின்னால் வந்த சிறார் அதனை வளப்படுத்தினர். 'நினை', 'அறி' போன்ற மனவினைகளுக்கான சைகைகள் இளையோரிடம் தாராளமாகப் புழங்கின. மூத்தோரிடம் அவை அரிதாகவே இருந்தன.

ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரு தலைமுறையினரையும் ஒப்பிட்டது. அண்ணன் தன் பொம்மை ரயிலைக் கட்டிலுக்கடியில் வைத்துச் செல்ல, தம்பி அதனை இடம் மாற்றிவிடுகிறான். அண்ணன் எங்கே தேடுவான் என்பதைப் படத்தால் காட்ட வேண்டும். சொல்லறிவு அதிகம் வேண்டாத தேர்வு இது. இருந்தும், இருபதுகளில் இருந்த, வேலை பார்த்துத் தம் வாழ்வை நடத்திவந்த மூத்தோருள் பலர் இதில் தவறினர். அவர்களினும் இளையோர் நன்கு தேறினர். வயதே ஆசானாயிருப்பின் முடிவு நேர்மாறாக அல்லவா இருந்திருக்கும்?

ஈராண்டுகள் கழித்து மூத்தோரை மீண்டும் சோதித்தபோது அவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. அவர்களுக்கு எவரும் இதற்கெனப் பாடம் நடத்தவில்லை. இடைப்பட்ட காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்த இளையோர் செவிப்புலனற்றோர் சங்கத்துக்கு வரத் தொடங்கினர். அங்கே அவர்களோடு கலந்து பேசியதில் மனவினைச் சைகைகள் மூத்தோரிடமும் சேர்ந்தன. பிறர் தவறாக எண்ணக்கூடும் என்னும் விளக்கமும் உடன் சேர்ந்தது.

மொழிக்கு இதில் என்ன பங்கு? தமிழில் 'என்று' என்னும் சிறுசொல்லை நோக்குவோம். 'ரயில் கட்டிலுக்கடியில் இருக்கிறது என்று அண்ணன் நினைக்கிறான்' எனும்போது, உண்மையல்லாத ஒரு செய்தியை மற்றொருவர் மனத்துக்குள் வைத்து, மொத்த வாக்கியத்தையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறோம். இத்தகைய அமைப்பில் பழகுவதே திறவுகோல் என்பார் சிலர். பேச்சினூடே பிறர் நோக்கு நம் நோக்கோடு மோதுவதே முக்கியம் என்பார் வேறு சிலர். இரண்டும் ஒரே உரையாடலில் வருவதால் பிரித்தறிவது கடினம் என்றே நமக்குத் தோன்றுகிறது. நிகராகுவாவில் சோதிக்கப்பட்டோர் மிகச் சிலரே என்பதையும் மறத்தற்கில்லை. பதினைந்து மாதக் குழந்தைகளின் பார்வையிலேயே இவ்வறிவின் சாயல் உண்டு என 2005இல் ஓர் ஆய்வு கூறியது. அவ்வகை ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவுகள் ஒரே சீராக அமையவில்லை.

அமெரிக்காவில் செவிப்புலனற்ற பிள்ளைகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அத்தகைய தாய்மாரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், சைகை மொழியைத் திறம்படக் கற்றவர்களே பிள்ளையோடு எண்ணங்களையும் விருப்பங்களையும் பற்றி மிகுதியாகப் பேசினர் எனத் தெரியவந்தது. சைகை தெரியாத வீட்டில் 'வா', 'உண்', 'உறங்கு' என்பன எப்படியோ பிள்ளையை எட்டிவிடும். அண்ணன் ஏன் கோபித்துக்கொண்டான், பாட்டி எதை எண்ணிச் சிரித்தாள் என்பதை அப்பிள்ளைக்குச் சொல்ல அங்கே எவரிடமும் மொழி இல்லை.