விரைவால் வீழ்ந்த விண்டோஸ்

எம் பாட்டனார் 1996-இல் கணினியில் எழுதிவைத்த கடிதங்களைப் படிக்க விழைந்தோம். அவற்றுக்குரிய 16 பிட் தமிழ் நிரலோ இன்றைய 64 பிட் விண்டோஸில் ஓடாது. ஆகலின், எமது மடிக்கணினியினுள் மெய்நிகர்க் கணினியொன்றமைத்து, 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-ஐ அதில் நிறுவினோம். அஃது எழுமுன்னரே வீழ்ந்தது! முதுமையே காரணமென எண்ணினோம், அன்று. அதன் வலையிணைப்புப் பகுதி, தொடங்குங்கால் ஒரு சுழற்சியை ஓடவிட்டு, கழிந்த நேரத்தால் வகுத்துச் செயலியின் வேகத்தை அளக்கும். ஏறத்தாழ 2.1 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட செயலியில் அச்சுழற்சி இமைப்பொழுதும் கொள்ளாது முடிதலின், கழிந்த நேரம் சுழியெனப் பதிவாகிறது. சுழியால் வகுத்தல் எங்ஙனம் கூடும்? (பள்ளியில் எம்மையும் இடர்ப்படுத்திய வினா இது.) அப்பகுதிக்கு ஆர்வலர் செய்துள்ள திருத்தத்தைச் சேர்த்தபின் திரை ஒளிர்ந்தது. அந்நிரலையும் நிறுவிக் கோப்பினைத் திறந்தோம். "அன்புள்ள மகனுக்கு" என்றிருந்தது முதல் வரி.